யூஐடி எண் இல்லாமல் எலைட் பரிசு கிடைக்குமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 26. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. பொங்கல், கோயில் கொடை என்று எங்கே ரோட்டு ஓட்டப் பந்தயம் வைத்தாலும் போய் ஓடுவேன், பணப் பரிசும் வாங்குவேன். போன மாதம் முதல் தடவையாக ஒரு பெரிய நகரத்தில் ஹாஃப் மாரத்தான் ஓடினேன். சிப் டைம் 1:09:50. அங்கே முன்னணி ஓட்டக்காரர்களுக்கான 'இந்திய எலைட்' பிரிவில் மூன்றாவதாக வந்தவருடைய நேரம் 1:10:15. என்னைவிட 25 விநாடி மெதுவாக ஓடியவருக்குப் பெரிய தொகை. எனக்கு, எல்லோரும் ஓடும் 'ஓப்பன்' பிரிவில் முதல் பரிசு 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், கணக்கில் ஏறியது 10,500. கேட்டதற்கு, "நீங்கள் எலைட்டில் பதியவில்லை, தடகள சம்மேளனத்தின் யூஐடி எண்ணும் இல்லை" என்றார்கள். இது நியாயமா? பணத்தைக் கேட்டு வாங்க முடியுமா? யூஐடி வாங்கினால் ஊர்ப் பந்தயங்களில் ஓடக்கூடாது என்று தடை போடுவார்களா? ஜிம்மில் ஒரு நண்பர் பவுடர் தருகிறார், அதனால் ஏதும் சிக்கல் வருமா? என் சித்தப்பா மகள் கல்லூரியில் 1500 மீட்டர் ஓடுகிறாள், அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்புக்கு முயற்சி செய்கிறாள். அவள் பணப் பரிசு வாங்கலாமா?

பதில்:

தம்பி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் பரிசு உங்களுக்குக் கிடைக்காது. யூஐடி இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது. ஏனென்றால் உங்கள் கணக்கே வேறு கடிகாரத்தில் போட்ட கணக்கு.

நீங்கள் சொல்லும் 1:09:50 சிப் டைம். அதாவது தொடக்கக் கோட்டில் விரித்திருந்த பாயை உங்கள் கால் தாண்டியதிலிருந்து எடுத்த நேரம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சான்றிதழில் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு நேரம் இருக்கிறது, பாருங்கள்: கன் டைம் 1:10:38. துப்பாக்கி வெடித்து 48 விநாடி கழித்துத்தான் நீங்கள் கோட்டுக்கே வந்திருக்கிறீர்கள். கூட்டத்தின் நடுவில் நின்றால் அப்படித்தான் ஆகும். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி ரோட்டுப் பந்தயத்தில் அதிகாரபூர்வ நேரம் துப்பாக்கி வெடித்ததிலிருந்துதான் தொடங்கும். சிப் நேரத்தை ஓட்டக்காரருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். இடமும், யார் முன்னால் எல்லைக் கோட்டைக் கடந்தார் என்பதை வைத்தே. ஆக, எலைட் மூன்றாமவர் 1:10:15-க்குக் கோட்டைக் கடந்துவிட்டார். நீங்கள் வந்தது 23 விநாடி கழித்து.

'வேகமாக ஓடியவன் நான்தானே' என்று தோன்றும். ஆனால் பந்தயம் என்பது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஓடுவது. அந்த மூன்றாமவர் நான்காமவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, போதும் என்ற அளவில் வேகத்தை வைத்திருப்பார். பின்னால் கூட்டத்துக்குள் ஒருவர் சிப் கடிகாரத்தில் தன்னைவிட வேகமாக வருகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரை வேறு மாதிரி ஓடியிருக்கலாம். கன் டைம் விதிக்கு அடிப்படை இதுதான்.

உங்களுக்கு நேர்ந்தது புதிதல்ல. 2008 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த நைக்கி பெண்கள் மாரத்தானில், பொதுக் கூட்டத்தில் ஓடிய ஒரு பள்ளி ஆசிரியை 2:55:11-ல் முடித்தார். 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பிய எலைட் பெண்களில் முதலாவதாக வந்தவர் அவரைவிட 11 நிமிடம் மெதுவு. அப்படியும் 'நீங்கள் எலைட் பிரிவில் இல்லை, நீங்கள் வெற்றியாளர் அல்ல' என்றுதான் முதலில் சொன்னார்கள். ஊர் உலகமெல்லாம் சத்தம் போட்ட பிறகு அவரையும் ஒரு வெற்றியாளராக ஏற்றார்கள். அதே மாதம் சிகாகோ மாரத்தானில் கென்யாவின் வெஸ்லி கோரிர் எலைட் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் பின்னால் கிளம்பி, நேரத்தின்படி நான்காவது வந்தார். அவருக்கு அந்த நான்காம் இடத்துப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு முடிவுகள். பரிசுப் பணம் அமைப்பாளர் போடும் நிபந்தனைப்படிதான் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த நிபந்தனைகளுக்குக் கீழே 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று பதிவின்போது நாம் எல்லோரும் டிக் அடித்துவிடுகிறோம்.

அதனால் அடுத்த தடவை பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள். நான்கு விஷயங்களைத் தேடினால் போதும்: பரிசு எந்தப் பிரிவுக்கு, அந்தப் பிரிவில் நுழைய என்ன கேட்கிறார்கள், இடம் எந்தக் கடிகாரத்தை வைத்து, ஒருவர் இரண்டு பிரிவில் பரிசு வாங்கலாமா. பல பந்தயங்களில் ஓப்பன் பரிசுக்கு சிப் டைம், எலைட் பரிசுக்கு கன் டைம் என்று கலந்து வைத்திருப்பார்கள். சொல்லப்படாவிட்டால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் 'பார்த்துக்கலாம் ப்ரோ' என்று சொன்னவர் பரிசளிப்பு மேடையில் இருக்க மாட்டார்.

இனி யூஐடி. நம் நாட்டில் இந்திய தடகள சம்மேளனம், அதன் கீழ் மாநிலச் சங்கங்கள், அவற்றின் கீழ் மாவட்டச் சங்கங்கள் என்று அடுக்கு. நமக்குத் தமிழ்நாடு தடகளச் சங்கம். ரயில்வே, ராணுவம் போன்றவை தனி அலகுகள். யூஐடி என்பது சம்மேளனம் ஒரு ஓட்டக்காரருக்குத் தரும் பதிவு எண். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே தனிநபர் யாரும் ஆண்டுச் சந்தா கட்டி, அந்த நாட்டுத் தடகள அமைப்பான யுஎஸ்ஏடிஎஃப்பில் உறுப்பினர் ஆகலாம். ஏதாவது ஊர் ரோட்டுப் பந்தயத்துக்குள்ளேயே தேசிய சாம்பியன்ஷிப்பையும் சேர்த்து நடத்துவார்கள். அந்தச் சாம்பியன்ஷிப் பணம் வேண்டுமென்றால் குடியுரிமையும் வேண்டும், உறுப்பினர் அட்டையும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இங்கே காசு கட்டி அட்டை வாங்கும் முறை இல்லை. ஒரு அலகின் வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

பதிவு ஆன்லைனில்தான். ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் தயாராக இருக்கட்டும். நீங்கள் விவரங்களை ஏற்றிய பிறகு அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது சங்கம். சுணக்கம் வருவது இந்த இடத்தில்தான். ஏற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல் மாவட்டச் செயலாளரை நேரில் போய்ப் பாருங்கள். மாவட்ட மீட் நடக்கும் நாளில் மைதானத்துக்குப் போனால் அவரும் இருப்பார், மற்ற பயிற்சியாளர்களும் இருப்பார்கள். பிறந்த தேதியில் கவனம் வேண்டும். ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வயது மோசடி நம் தடகளத்தின் தீராத நோய். அதனால் தேதி முரண்பட்டாலே சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். உங்கள் வயதில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனாலும் பதிவு நிற்கும்.

எந்த அலகுக்கு ஓடுகிறீர்கள் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அலகுகளுக்கு ஓட முடியாது. மாற வேண்டுமானால் பழைய இடத்திலிருந்து ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் கேட்பார்கள். 'எங்கள் மாநிலத்துக்காக ஓடு, செலவைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

யூஐடி கிடைத்தவுடன் எலைட் கதவு திறந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எலைட் பிரிவுக்கு நேரச் சான்று கேட்பார்கள். கொடையில் 10 கிலோமீட்டரை 31 நிமிடத்தில் ஓடினேன் என்றால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் 10 கிலோமீட்டர் பைக்கின் மீட்டரில் பார்த்த 10 கிலோமீட்டர். அது 9.6 ஆகவும் இருக்கும், 10.3 ஆகவும் இருக்கும். முறைப்படி அளந்த பாதை என்றால், சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற எண்ணி மாட்டி, முதலில் நாடாவால் அளந்த ஒரு நேர்க்கோட்டில் அந்தச் சைக்கிளை ஓட்டிச் சரிபார்த்து, பிறகு வளைவுகளில் ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளப்பார்கள். அப்படி அளந்தும், குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலாக வைப்பார்கள். ஹாஃப் மாரத்தானில் அது சுமார் 21 மீட்டர், முழு மாரத்தானில் 42. இப்படிச் சான்று பெற்ற பாதையில் ஓடிய நேரம்தான் செல்லும். நகரத்தில் நீங்கள் ஓடிய பாதைக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். இருந்தால் போன மாதத்து ஓட்டம் வீணாகவில்லை, அதுவே உங்கள் முதல் நேரச் சான்று.

இல்லையென்றால் சுலபமான வழி டிராக். மாவட்ட மீட்டில் 5000 அல்லது 10,000 மீட்டருக்குப் பெயர் கொடுங்கள். 400 மீட்டர் டிராக்கில் 10,000 என்பது 25 சுற்று. தூரத்தில் யாரும் சந்தேகம் சொல்ல முடியாது, முடிவுத் தாளில் அலுவலர் கையெழுத்து இருக்கும். ரோட்டு ஓட்டக்காரர்களுக்கு டிராக் என்றால் ஒரு சலிப்பு. ஆனால் நேரமும் சான்றிதழும் ஒரே காலையில் கிடைக்கும் இடம் அதுதான். மாவட்டத்திலிருந்து மாநிலம், அங்கிருந்து தேசிய ஓப்பன் மீட். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பதும் இந்த மாதிரி அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழைத்தான். நகர மாரத்தானில் வாங்கிய பெரிய அட்டைக் காசோலையை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 18-லிருந்து 25 வரை, நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மாநில அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் கண் பரிசுப் பணத்தின் மேல் இருக்கிறது, சரிதான். ஆனால் யூஐடியால் வரக்கூடிய பெரிய ஆதாயம் இந்தப் பக்கம்தான் என்பது என் எண்ணம்.

முடிவில் தவறு நடந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை உதவும். விதி இது: முடிவை எதிர்த்து முறையிடுவதென்றால் அதிகாரபூர்வ முடிவு அறிவிக்கப்பட்ட 30 நிமிடத்துக்குள், வாய்மொழியாகவே, ரெஃப்ரியிடம் சொல்ல வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 30 நிமிடத்துக்குள் எழுத்தில், வைப்புத்தொகையோடு, மேல்முறையீட்டு நடுவர் குழுவிடம். சர்வதேசப் போட்டியில் அந்தத் தொகை 100 டாலர், மனு தள்ளுபடியானால் திரும்பாது. ஒருவருக்கு ஓடவே தகுதி இல்லை என்று சொல்வதென்றால் அதைப் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பொதுமக்கள் ஓடும் மாரத்தான்களில் இதற்கென்று தனியாக நாள் கணக்கில் அவகாசம் வைத்திருப்பதும் உண்டு, நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் எனக்கு எழுதியது ஒரு மாதம் கழித்து. மேடையில் பெயர் வாசிக்கும்போது மனம் சரியில்லை என்று பேருந்து ஏறிவிட்டால் அதோடு முடிந்தது. முடிவுப் பலகையைப் போனில் படம் எடுங்கள், 'ரெஃப்ரி யார்' என்று கேளுங்கள். தன்னார்வப் பையன்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

எலைட்டில் நுழைந்துவிட்டால் சில்லறைத் தவறுகளுக்கும் விலை உண்டு. ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது, உள்ளே ஒரு தகடுதான் இருக்கலாம். ஆன்லைனில் மலிவாக வரும் 'சூப்பர் ஷூ' நகல்களில் எது எத்தனை மில்லிமீட்டர் என்று யாருக்கும் தெரியாது. வெறுங்காலில் ஓடினால் எந்த விதியும் தடுக்காது, அது உங்கள் பாடு. நண்பர் பைக்கில் பக்கத்தில் வந்து நேரம் சொல்வது, தண்ணீர் நீட்டுவது, இதெல்லாம் ஊர்ப் பந்தயத்தில் வழக்கம், இங்கே தகுதிநீக்கம் வரை போகும். மில் நண்பர் வர முடியவில்லை என்று அவர் பிப்பை, அதாவது நெஞ்சில் குத்தும் எண் சீட்டை, குத்திக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம். அவர் பெயரில் நீங்கள் முதலாவதாக வந்தால் இரண்டு பேருக்கும் பரிசு இல்லை, அடுத்த ஆண்டு பதிவும் கிடைக்காமல் போகலாம்.

ஊர்ப் பந்தயத்தில் பணம் வாங்கியதால் தடை வருமா? பணம் வாங்கிய குற்றத்துக்காக என்றால் வராது. அந்தக் காலம் போய்விட்டது. ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மியை, போட்டிகளுக்குப் போக அளவுக்கு மீறிப் பயணப்படி வாங்கினார் என்று சொல்லி 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடவிடவில்லை. 1981-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த கேஸ்கேட் ரன் ஆஃப் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் சிலர் துணிந்து வெளிப்படையாகவே பணம் வாங்கினார்கள். அந்த அழுத்தத்தில்தான் 1982-ல் ஓட்டக்காரரின் பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் வைக்கலாம் என்று உலக அமைப்பு இறங்கி வந்தது. தன் பெயரிலிருந்த 'அமெச்சூர்' என்ற சொல்லை 2001-ல் அது எடுத்தே விட்டது. இன்று உலக சாம்பியனுக்கு அந்த அமைப்பே 70,000 டாலர் கொடுக்கிறது. உங்கள் பொங்கல் பரிசு 5,000 ரூபாயை யாரும் குற்றமாக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. யூஐடி வாங்கிய நாளிலிருந்து சம்மேளனத்தின் சுற்றறிக்கைகள் உங்களுக்கும் பொருந்தும். அனுமதி வாங்காமல் நடக்கும் ரோட்டுப் பந்தயங்களைப் பற்றி அதில் ஏதாவது வந்தால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. சீசனுக்கு ஒரு முறை மாவட்டச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய முகாமுக்குத் தேர்வாகிவிட்டால் எந்தப் பந்தயத்துக்கும் பயிற்சியாளர் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். இன்னொன்று, சங்கத் தடையைவிட உங்கள் காலுக்கு ஊர்ப் பந்தயங்கள் செய்யும் கேடு பெரிது. தை மாதத்தில் வாரம் இரண்டு தார் ரோட்டுப் பந்தயம், நடுவில் நைட் ஷிஃப்ட் என்றால் மாசியில் கெண்டைக்கால் எலும்பு வலிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது ஜிம் பவுடர். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பில் இருந்தது எப்படி வந்தது என்பது இரண்டாம் கேள்வி, இருந்தால் பொறுப்பு உங்களுடையது. இதுதான் ஊக்கமருந்து விதியின் அடிப்படை. நண்பர் கொடுத்தார், டப்பாவில் எழுதவில்லை என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், பரிசைக் காப்பாற்றாது. சோதனையில் சிக்கினால் அந்தப் பந்தயத்தின் இடம், பதக்கம், பணம் எல்லாம் போகும். ஏற்கெனவே வாங்கிய பணமாக இருந்தாலும் திருப்பிக் கேட்பார்கள், கேட்டு வாங்கி அடுத்தடுத்த இடத்தாருக்குக் கொடுப்பார்கள்.

லேபிள் இல்லாத பொட்டலத்தை வாயில் வைக்கவே வைக்காதீர்கள். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் 'ப்ரீ ஒர்க்கவுட்' வகையறாவில் ஊக்கிகள் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஜிம்களில் கைமாறும் மெஃபென்டெர்மின் ஊசி தடைப்பட்டியலில் உள்ள ஊக்கி, நம் நாட்டில் பலர் மாட்டியது அதில். உணவுப் பாதுகாப்பு உரிம எண் டப்பாவில் இருந்தால் ஊக்கமருந்து இல்லை என்று பொருளாகாது, இரண்டும் வேறு வேறு சோதனை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போல ஒவ்வொரு பேட்ச்சையும் சோதித்த முத்திரை உள்ளதை வாங்கி, பில்லையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் மில் சம்பளத்தில் அந்த டப்பா வாங்கும் காசுக்கு ஒரு மாதம் முட்டையும் கடலையும் பாலும் வாங்கலாம் என்பது வேறு கணக்கு.

பவுடரைவிட எனக்குக் கவலை ஊர் கிளினிக். காய்ச்சல், அலர்ஜி, முட்டி வலி என்று போனால் சட்டென்று ஒரு ஊசி போடுகிறார்கள். அது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். வாயால் சாப்பிட்டாலும் ஊசியாகப் போட்டாலும் குளுக்கோகார்ட்டிகாய்டுகள் என்ற இந்த வகை ஸ்டீராய்டுகள் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்றால் முந்தின இரவு 11:59-லிருந்து கணக்கு. பிரட்னிசலோன் மாத்திரை சாப்பிட்டால் குறைந்தது 3 நாள் இடைவெளி வேண்டும், தசையில் போட்ட டெக்ஸாமெத்தசோன் ஊசிக்கு 5 நாள், ட்ரையம்சினலோன் தசை ஊசிக்கு 60 நாள் என்பது உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை தரும் வழிகாட்டு அளவு. மருத்துவரிடம் 'நான் பந்தயம் ஓடுபவன், சோதனை உண்டு' என்று முதல் வாக்கியமாகச் சொல்லி, போட்ட மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆஸ்துமா போன்ற நிரந்தர நோய்க்கு மருந்து தேவைப்பட்டால், எது அனுமதிக்குள் வருகிறது, எதற்கு மருத்துவ விலக்கு கேட்க வேண்டும் என்று நாடா, அதாவது தேசிய ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை, சொல்லும். விலக்குக்குப் பந்தயத்துக்கு 30 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்.

சோதனை எப்படி இருக்கும் என்று தெரியாமல் பயந்து ஓடிப்போனவர்கள் உண்டு, அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கோட்டைத் தாண்டியதும் ஒருவர் வந்து தன் அட்டையைக் காட்டி, உங்களைத் தேர்ந்திருப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து அவர் கண் உங்கள்மேல்தான். பரிசளிப்புக்குப் போகலாம், தண்ணீர் குடிக்கலாம், அவர் கூட வருவார். மூடி திறக்காத பாட்டிலை மட்டும் குடியுங்கள். குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர், அதே பாலினத்தவர் ஒருவர் பார்க்க. நீங்களே இரண்டு பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும், ஏ, பி என்று. நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப் போனால் மறுபடியும் கேட்பார்கள், இரவுப் பேருந்தைத் தவறவிட வேண்டிவரும். படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மாத்திரை, பவுடர், கஷாயம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சோதனைக்கு மறுத்தாலோ நழுவினாலோ தண்டனை நான்கு ஆண்டு வரை போகும். தப்பே செய்யாதவனுக்கும் அதேதான்.

பெரிய பந்தயங்களில் பரிசுப் பணம் உடனே வராமல் வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் இழுப்பதற்கு இதுவே காரணம். மாதிரிகள் டெல்லியிலுள்ள ஆய்வகத்துக்குப் போய் முடிவு வந்த பிறகுதான் விடுவிப்பார்கள். பந்தயம் முடிந்த மறுநாளே பைக்குத் தவணை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

தங்கைக்குச் சுருக்கமாக: இங்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் வயது, முழுநேரப் படிப்பு இவற்றைத்தான் பார்ப்பார்கள், பணப் பரிசு வாங்கியதால் தகுதி போகாது. அமெரிக்கக் கல்லூரி என்றால் கவனம். அங்கே கல்லூரித் தடகளத்தை நடத்தும் என்சிஏஏ, சேருவதற்கு முன் வாங்கிய பரிசுப் பணத்தையும் தோண்டிக் கேட்கும். போட்டிக்கு ஆன உண்மையான செலவுக்கு மேல் வாங்கினாரா என்பது அங்கே பழைய தகராறு, விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. விண்ணப்பம் போடும் பல்கலையின் விதிமுறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வரும்வரை பணமாக வாங்காமல் கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதுவரை வாங்கியிருந்தால் தேதி, தொகை, பஸ் டிக்கெட், தங்குமிட ரசீது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

கடைசியாக அந்த 4,500 ரூபாய். 15,000-ல் 30 சதவீதம் சரியாக 4,500. அதாவது வரிப் பிடித்தம் என்று சொல்லித்தான் கழித்திருக்கிறார்கள். லாட்டரி, விளையாட்டு வெற்றித்தொகை இவற்றுக்கான பிரிவில் பிடித்தால் விகிதம் இது. பிடித்ததோடு அவர்கள் வேலை முடியவில்லை. அதை உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும், டிடிஎஸ் சான்றிதழும் உங்களுக்குத் தர வேண்டும். வருமான வரித் தளத்தில் நுழைந்து, எல்லோரும் 26ஏஎஸ் என்று சொல்லிப் பழகிய வரிப்பிடித்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். காலாண்டு கழித்துத்தான் அதில் ஏறும் என்பதால் போன மாதத் தொகை உடனே தெரியாமல் இருக்கலாம். ஏறியிருந்தால் எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்பதும் தெரியும். அதைக் கணக்கு தாக்கல் செய்பவரிடம் காட்டுங்கள். திரும்பக் கேட்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பிரிவைப் பொறுத்தது.

ஏறாமல் இருப்பதற்கு நம் ஊரில் அடிக்கடி நடக்கும் காரணம் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, வங்கியில் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். பந்தயத்தில் பதியும்போது நீங்கள் நான்காவது விதமாக எழுதியிருப்பீர்கள். பான் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் பணம் வேறெங்கோ போய் நிற்கும். இனி எல்லாப் பதிவிலும் பான் அட்டையில் இருப்பதை எழுத்து மாறாமல் போடுங்கள், பான் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல்: பிப் எண், பந்தயத் தேதி, அறிவித்த தொகை, வந்த தொகை, பான் எண், 'பிடித்த 4,500 ரூபாய்க்கான டிடிஎஸ் சான்றிதழ் தேவை' என்ற ஒரு வரி. எலைட் பரிசு பற்றிய வருத்தத்தை அதே மின்னஞ்சலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.